போலீசுக்காகக் கூடுதல் கவுன்சில் டாக்ஸ்: மக்கள் உண்மையில் சம்மதிக்கிறார்களா?

சர்ரேவாசி | 2025 ஜனவரி 6

இங்கிலாந்தில் போலீஸ் செலவுக்கு இந்த ஆண்டு கவுன்சில் டாக்ஸில் (வீட்டுக்காக உள்ளூர் கவுன்சில் வசூலிக்கும் வரி) 14 பவுண் ஏற்றலாமா என்று இணையத்தில் கருத்துக் கேட்கிறார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் இதே கேள்வி. “பதில் சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு” என்று அறிக்கை வரும், ஏப்ரலில் பில் ஏறும். ஆனால் கடையிலோ கோயிலிலோ பேச்சு வந்தால் ஆதரிப்பவர் ஒருவரையும் காணோம். கணிப்பு பொய்யா? இல்லை, நம் சனம் வாயால் ஒன்று சொல்லி, கையால் வேறொன்றை டிக் பண்ணுகிறதா?

பேரேடு | 2025 ஜனவரி 6

கணிப்பு பொய் இல்லை. கிடைத்த பதில்களைச் சரியாகத்தான் எண்ணுகிறார்கள். யாரிடமிருந்து பதில் கிடைத்தது என்பதுதான் கேள்வி.

சட்டம் கேட்பது மிகக் கொஞ்சம். 1996ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 96ஆம் பிரிவு இது. ஒரு நிதியாண்டின் முதல் பிரிசெப்டை (கவுன்சில் டாக்ஸ் பில்லில் சேரும் போலீஸ் பங்கை) அறிவிக்கும் முன், செலவுத் திட்டம் பற்றி அந்தப் பகுதி மக்களின் கருத்தையும் வணிகவரி கட்டுவோரின் பிரதிநிதிகளின் கருத்தையும் கமிஷனர் பெற வேண்டும். (கமிஷனர் என்றால் இங்கே சீருடை அதிகாரி இல்லை, தேர்தலில் வென்று வந்து போலீஸ் பட்ஜெட்டைத் தீர்மானிப்பவர்.) எத்தனை பேரைக் கேட்பது, எப்படித் தேர்ந்தெடுப்பது, எந்தச் சொற்களில் கேட்பது, எதுவும் விதிக்கப்படவில்லை. வரும் முடிவு அவரைக் கட்டுப்படுத்துவதும் இல்லை.

அதனால் பெரும்பாலான இடங்களில் நடப்பது திறந்த இணைப்பு. யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். அக்கம்பக்கக் காவல் குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் இருப்பவர், கவுன்சிலர், போலீசில் வேலை செய்பவரின் குடும்பம், போன வாரம் கார் பறிகொடுத்தவர் ஆகியோருக்கு அந்த இணைப்பு முதலில் போய்ச் சேரும். இரண்டு வேலை பார்க்கிற, வீட்டில் ஆங்கிலம் பேசாத குடும்பத்துக்குப் போகாது. 1,000 பேரைக் குருட்டுப்போக்கில் (சீட்டுக் குலுக்கல் போல) தேர்ந்தெடுத்துக் கேட்டால் பிழை எல்லை கூட்டிக் கழித்து 3 புள்ளி என்று சொல்ல முடியும். திறந்த இணைப்பில் 5,000 பேர் நிரப்பினாலும் அப்படி ஓர் எல்லையைக் கணிக்கவே வழியில்லை. எண்ணிக்கை பெரிதாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஒன்று மட்டும் திருத்துகிறேன். எல்லா இடத்திலும் எல்லா ஆண்டும் ஆதரவுதான் வருகிறது என்பது சரியில்லை. பாதிக்குக் கீழே வந்த ஆண்டுகளும் உண்டு, அப்போதும் வரி ஏறியது. என்னைக் கேட்டால் அதுதான் கூடுதல் கவலை தரும் விஷயம்.

டைன்கரை | 2025 ஜனவரி 7

14 பவுண் எண்டு எல்லாரும் சொல்லினம். அது பேண்ட் டி வீட்டுக்கு மட்டும் (வீட்டின்ர விலைப்படி ஏயிலிருந்து எச் வரை பேண்ட் இருக்கு). இஞ்ச வடகிழக்கில பாதிக்கு மேற்பட்ட வீடுகள் பேண்ட் ஏ. ஆரெண்டாலும் ஒருக்கா கணக்கை வடிவாப் போடுங்கோ, சனம் குழம்பிப் போய் நிக்குது.

பேரேடு | 2025 ஜனவரி 7

இங்கிலாந்துக்கான விகிதம் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிற்கிறது: ஏ 6, பி 7, சி 8, டி 9, இ 11, எஃப் 13, ஜி 15, எச் 18. எல்லாம் ஒன்பதில் பங்கு. பேண்ட் டிக்கு 14 பவுண் ஏறினால்:

ஏ: 9.33
பி: 10.89
சி: 12.44
டி: 14.00
இ: 17.11
எஃப்: 20.22
ஜி: 23.33
எச்: 28.00

ஆண்டு முழுவதற்கும் பவுண் கணக்கு இது. தனியாக வாழ்பவருக்கு 25 சதவீதக் கழிவு இதிலும் உண்டு, எனவே பேண்ட் டியில் 10.50. வரிச் சலுகையால் முழு பில்லும் கழிபவருக்கு இதுவும் பூச்சியம். முழுநேர மாணவர் மட்டும் வாழும் வீட்டுக்கும் அப்படியே.

வீட்டின் பேண்ட் 1991 ஏப்ரல் 1ஆம் தேதி விலையில் தீர்மானிக்கப்பட்டது. 88,000 பவுணுக்கு மேல் போனால் இ, 3,20,000க்கு மேல் போனால் எச். அதற்கு மேல் படியே கிடையாது. கோடிக்கணக்கில் விலை போகும் மாளிகையும் பேண்ட் ஏ வீட்டைப் போல மூன்று மடங்குதான் கட்டுகிறது.

கார்டிஃப்காரர் | 2025 ஜனவரி 7

வேல்ஸைச் சேர்த்து எண்ணாதீர்கள். இங்கே 2003 ஏப்ரல் விலை. 2005இலிருந்து ஐ என்று ஒன்பதாவது பேண்டும் உண்டு, ஒன்பதில் 21 பங்கு. வரி அளவுக்கு மீறினால் வாக்கெடுப்பு என்ற விதி இங்கே இல்லை. வேல்ஸ் அமைச்சர்களுக்கு உச்சவரம்பு போடும் அதிகாரம் இருக்கிறது.

டைன்கரை | 2025 ஜனவரி 8

நன்றி பேரேடு. இப்ப அடுத்த கேள்வி. தெற்கில சர்ரேயில 14 பவுண், எங்கட நோர்தம்பிரியாவிலயும் 14 பவுண். பார்த்தால் சமம் மாதிரி இருக்கு. கிடைக்கிற காசு சமமோ?

பேரேடு | 2025 ஜனவரி 8

சமமே இல்லை. இந்த இழையில் முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கவுன்சிலும் டிசம்பர் 1க்கும் ஜனவரி 31க்கும் இடையில் தன் வரித்தளத்தைத் தீர்மானிக்கும். எல்லா வீடுகளையும் பேண்ட் டி வீடுகளாக மாற்றி எண்ணி, கழிவு, சலுகை, வராக்கடன் எல்லாம் போக மிஞ்சும் எண்ணிக்கை அது. பிரிசெப்ட் வருமானம் என்பது அந்த எண்ணிக்கையைப் பேண்ட் டி தொகையால் பெருக்குவது. பேண்ட் ஏ வீடுகள் 1,000 இருந்தால் வரித்தளத்தில் 667. பேண்ட் ஜி வீடுகள் 1,000 இருந்தால் 1,667. முதல் தெருவில் 14 பவுண் ஏற்றினால் 9,333 பவுண் வரும், இரண்டாவது தெருவில் 23,333. வீடுகளின் எண்ணிக்கை ஒன்றுதான், ஆட்களும் ஏறத்தாழ அவ்வளவே. முதல் தெருவில் வரிச் சலுகை பெறுவோர் அதிகம் இருப்பார்கள், எனவே அந்த 9,333இலும் ஒரு பகுதி கழியும்.

அதனால்தான் சர்ரே போலீஸ் தன் வருமானத்தில் பாதிக்கு மேல் கவுன்சில் டாக்ஸிலிருந்து பெறுகிறது, நோர்தம்பிரியாவுக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவே வருகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் சராசரி மூன்றில் ஒரு பங்கை ஒட்டி. மீதி உள்துறை அமைச்சின் மானியம். மானியத்தைப் பிரிக்கும் சூத்திரம் 2006-07 காலத்தது. 2015இல் அதை மாற்றப் போய், தவறான தரவைப் போட்டுக் கணக்குப் பண்ணியது வெளியே வந்து, அந்த நவம்பரிலேயே நிறுத்தி வைத்தார்கள். பழைய சூத்திரமே ஓடுகிறது.

குற்றம் அதிகமுள்ள ஏழைப் பகுதியில் மக்கள் மனப்பூர்வமாக “ஆம்” சொன்னாலும் அந்த ஆமுக்குக் கிடைக்கும் காசு குறைவு. மக்கள் கருத்தை அளக்கும் எந்தத் தாளிலும் இந்தச் செய்தி இருப்பதில்லை. இருந்தால் பதில்கள் மாறும்.

சர்ரேவாசி | 2025 ஜனவரி 8

அப்படியானால் நாங்கள் கட்டுவது எங்கள் ஊருக்கே வருகிறது, அவர்களுக்கு அரசு கொடுக்கிறது. அதில் என்ன அநீதி? எங்கள் பேண்ட் டி போலீஸ் பங்கு 323.57 பவுண். நாட்டிலேயே மிக உயர்ந்த தொகைகளில் ஒன்று.

பேரேடு | 2025 ஜனவரி 8

நீங்கள் சொல்வது பாதி நியாயம். உங்களுக்கு மானியப் பங்கு குறைவு, அதை ஈடுகட்டத்தான் வரி இவ்வளவு உயர்ந்தது. ஆனால் 2010க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். மானியத்தை எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே சதவீதத்தில் வெட்டினார்கள். மானியத்தையே நம்பி இருந்த இடங்களின் மொத்த பட்ஜெட்டில் வெட்டு ஆழமாக விழுந்தது. வரியில் பாதி வந்த இடம் தாக்குப்பிடித்தது.

இன்னொன்று, உங்கள் பணம் “எங்கள் ஊருக்கே” வருவதில்லை. ஒரு போலீஸ் படைக்கு ஒரே பானை. கிராமத்தில் வசூலித்தது நகரத்து வெள்ளிக்கிழமை இரவுக்கும் போகும், இணைய மோசடிப் பிரிவுக்கும் போகும். ஊர்க்காவலுக்கென்று ஒதுக்க வேண்டுமானால் அதைக் கமிஷனர் தன் திட்டத்தில் எழுத வேண்டும். பில்லில் அப்படி எதுவும் எழுதியிருக்காது.

ஹாரோ ஹில் | 2025 ஜனவரி 10

கேள்வித்தாளின் சொற்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கேதான் பாதி வேலை முடிந்துவிடுகிறது. மூன்று விதமாகக் கேட்கலாம்:

“வாரத்துக்கு 27 பென்ஸ் கூடக் கட்டத் தயாரா?”
“ஆண்டுக்கு 14 பவுண் கூடக் கட்டத் தயாரா?”
“போலீஸ் வரியை 4.3 சதவீதம் உயர்த்தலாமா?”

மூன்றும் ஒரே தொகை, சர்ரேயின் 323.57ஐ வைத்துப் போட்டது. 27 பென்ஸ் என்றால் தலையாட்டுவார்கள், சதவீதத்தைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். பேண்ட் டி 200 பவுண் உள்ள இடத்தில் அதே 14, 7 சதவீதம் ஆகிவிடும், அங்கே சதவீதத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது முன்னுரை. “இப்போதைய சேவையைக் காப்பாற்ற” என்று தொடங்கினால் ஒரு பதில், “கூடுதல் ரோந்துக்கு” என்று தொடங்கினால் இன்னொரு பதில். பதில் வரிசையும் கவனிக்க வேண்டியது. 14 பவுண், 10 பவுண், 5 பவுண், ஒன்றும் வேண்டாம் என்று நான்கு பெட்டி வைத்து, முதல் மூன்றையும் கூட்டி “உயர்வுக்கு ஆதரவு” என்று எழுதிவிடலாம். 5 பவுணுக்குச் சம்மதித்தவர் 14க்குச் சம்மதித்தவராகக் கணக்கில் ஏறுவார். அறிக்கையைப் படிக்கும்போது முதல் பெட்டி மட்டும் தனியாக எவ்வளவு என்று தேடுங்கள்.

பேரேடு | 2025 ஜனவரி 11

ஹாரோ ஹில் சொன்னதற்குச் சரியான சாட்சி பெட்ஃபோர்ட்ஷயர். மக்களிடம் உண்மையான வாக்குச்சீட்டைக் கொடுத்துக் கேட்ட இடம்.

2011ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டப்படி, அமைச்சர் அறிவிக்கும் எல்லையைத் தாண்டி வரி ஏற்றினால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அப்போதைய கமிஷனர் ஓலி மார்ட்டின்ஸ் 2015-16க்கு 15.8 சதவீதம் ஏற்றினார், சுமார் 100 கூடுதல் போலீசாருக்காக. 2015 மே 7, பொதுத் தேர்தல் நாளிலேயே வாக்கெடுப்பு. ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர் வேண்டாம் என்றார்கள்.

வாக்குச்சீட்டின் வாசகத்தை விதியே தீர்மானிக்கிறது, அதில் வருவது சதவீதம். பேண்ட் டிக்கு வாரம் 48 பென்ஸ் என்று பிரசாரத்தில் சொல்லலாம், சீட்டில் எழுத முடியாது.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கிவிடும், வாக்கெடுப்பு மே மாதம். அதனால் உயர்ந்த தொகையோடு பில் ஏற்கெனவே போயிருக்கும். தோற்றால் எல்லா வீட்டுக்கும் புது பில் அடித்து அனுப்ப வேண்டும், அந்தச் செலவும் வாக்கெடுப்புச் செலவும் அதே போலீஸ் பணத்திலிருந்து போகும். அதற்குப் பிறகு இந்த வழியைத் தேடிப் போகக் கமிஷனர்கள் தயங்குவதற்கு இதுவே போதும்.

டைன்கரை | 2025 ஜனவரி 12

ஒரு வாக்கெடுப்பை வைச்சு “சனம் வேண்டாம் எண்டுது” எண்டு முடிவு கட்டேலாது. 15.8 சதவீதம் பெரிய ஏற்றம். பொதுத் தேர்தல் நாள் எண்டபடியால் போலீஸைப் பற்றி ஒருநாளும் யோசியாத ஆக்களும் வந்து போட்டிருப்பினம்.

ஹாரோ ஹில் | 2025 ஜனவரி 12

அந்த ஆட்களும் வரி கட்டுகிறவர்கள்தானே. போலீஸைப் பற்றி யோசிக்காதவரின் கருத்தையும் சேர்த்து எண்ணினால்தான் அது மக்கள் கருத்து. 2012 நவம்பரில் முதல் கமிஷனர் தேர்தல் நடந்தபோது சுமார் 15 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். அவர்கள் மட்டும் மக்கள் என்றால் கணக்கு வேறு.

பேரேடு | 2025 ஜனவரி 12

இருவர் பக்கமும் பொருள் இருக்கிறது. தொகையின் அளவு கட்டாயம் வேலை செய்யும். 15.8 சதவீதத்துக்கு மறுத்தவர் 4க்கு ஒத்துக்கொள்ளலாம். ஆனால் 4 சதவீதத்தை வாக்குச்சீட்டில் யாரும் கேட்பதே இல்லை, எல்லைக்குள் நின்றால் கேட்கத் தேவையில்லை என்பதால்.

அந்த எல்லை எப்படி நகர்ந்தது என்று பாருங்கள், பேண்ட் டிக்கு: 2018-19இல் 12 பவுண், 2019-20இல் 24, 2020-21இல் 10, 2021-22இல் 15, 2022-23இல் 10, 2023-24இல் 15, 2024-25இல் 13, இப்போது 14. 2018க்கு முன் பெரும்பாலான படைகளுக்கு 2 சதவீதம் என்பதுதான் எல்லை.

இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் உள்துறை அமைச்சு “போலீசுக்கு மொத்தம் இவ்வளவு வரை கிடைக்கும்” என்று அறிவிக்கும். அந்த “வரை”க்குள் எல்லாக் கமிஷனரும் எல்லை முழுவதையும் ஏற்றுவார்கள் என்ற அனுமானம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. கருத்துக் கேட்கும் தாள் உங்கள் திரைக்கு வரும் முன்பே உங்கள் “ஆம்” தேசியக் கணக்கில் ஏறிவிட்டது. ஏற்றாத கமிஷனர் தன் படைக்கு ஓட்டை போட்டுக்கொள்கிறார். அந்த ஓட்டை அடைபடாது, ஏனென்றால் அடுத்த ஆண்டின் எல்லை இந்த ஆண்டுத் தொகையின் மேல்தான் கட்டப்படும். வரித்தளம் 1,00,000 உள்ள இடத்தில் இந்த ஆண்டு 14 பவுணை விட்டால் இந்த ஆண்டு மட்டும் இல்லை, ஒவ்வோர் ஆண்டும் 14 லட்சம் பவுண் குறையும்.

சர்ரேவாசி | 2025 ஜனவரி 14

சரி, அப்படியானால் யாரால் நிறுத்த முடியும்? பேனல் என்று ஒன்று இருக்கிறதே.

பேரேடு | 2025 ஜனவரி 14

இருக்கிறது. போலீஸ் மற்றும் குற்றப் பேனல், குறைந்தது 10 கவுன்சிலர்கள், 2 வெளியாட்கள். நாட்காட்டி சட்டத்திலேயே இருக்கிறது:

பிப்ரவரி 1க்குள் கமிஷனர் தன் தொகையைப் பேனலிடம் சொல்ல வேண்டும்.
பிப்ரவரி 8க்குள் பேனல் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். வீட்டோ (தடை வாக்கு) போடுவதானால் இப்போதுதான்.
வீட்டோ விழுந்தால் பிப்ரவரி 15க்குள் திருத்திய தொகை.
பிப்ரவரி 22க்குள் பேனல் அதை மறுபடி ஆராயும். இந்தத் தடவை நிராகரிக்கலாம், ஆனால் தடுக்க முடியாது.
மார்ச் 1க்குள் பிரிசெப்ட் வெளியாக வேண்டும்.

வீட்டோவுக்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களில் இல்லை, மொத்தத்தில். 12 பேர் பேனலில் 8 கை. நான்கு பேர் வராமல் போனால் வந்த எட்டுப் பேரும் ஒருமித்து நிற்க வேண்டும். பிப்ரவரி மாதத்து வேலைநாள் காலைக் கூட்டத்தில் இது எளிதில்லை.

“தொகை அதிகம்” என்று வீட்டோ போட்டால் திருத்திய தொகை குறைய வேண்டும். எவ்வளவு குறைய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

ஹாரோ ஹில் | 2025 ஜனவரி 16

லண்டன்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பேனலைத் தேட வேண்டாம். இங்கே கமிஷனரும் இல்லை, அந்தப் பேனலும் இல்லை. மேயர்தான் தொகையை முன்வைக்கிறார், லண்டன் அசெம்பிளி பிப்ரவரியில் ஆராய்கிறது. இறுதி பட்ஜெட்டைத் திருத்த அங்கேயும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் எங்கே இருந்தாலும் போலீஸ் பங்கின் தொகை ஒன்றுதான். லண்டன் சிட்டிக்கு மட்டும் தனிப் போலீஸ், தனி ஏற்பாடு. கிரேட்டர் மான்செஸ்டர், மேற்கு யார்க்ஷயர், தெற்கு யார்க்ஷயர் போன்ற இடங்களிலும் மேயர் கையில் இருக்கிறது, ஆனால் அங்கே பேனல் உண்டு.

டைன்கரை | 2025 ஜனவரி 19

ஒரு பக்கக் கேள்வி. சனிக்கிழமை ஃபுட்போல் மட்ச் எண்டால் மைதானத்தைச் சுத்தி எத்தினை போலீஸ்! அந்தக் காசைக் கிளப் குடுக்குதோ, நாங்கள் குடுக்கிறமோ?

பேரேடு | 2025 ஜனவரி 19

மைதானத்துக்குள்ளும், கிளப்புக்குச் சொந்தமான அல்லது அதன் கட்டுப்பாட்டில் உள்ள நிலத்திலும் நிற்கும் போலீசுக்குக் கிளப் கட்டும். வெளித் தெருவுக்குக் கட்டாது. 2013இல் லீட்ஸ் யுனைட்டட் வழக்கிலும் 2017இல் இப்ஸ்விச் டவுன் வழக்கிலும் அப்பீல் கோர்ட் கிளப்புகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ரயில் நிலையத்திலிருந்து மைதானம் வரை நிற்கும் வரிசை பொதுப் பணத்தில். அந்தப் பொதுப் பணத்தில் உங்கள் பேண்ட் ஏயின் 9.33உம் அடக்கம்.

சர்ரேவாசி | 2025 ஜனவரி 23

மக்கள் கோபத்தின் மூலம் வேறு என்று நினைக்கிறேன். “கூடக் கட்டினோம், தெருவில் போலீஸைக் காணோம்.” இதற்குப் பதில் உண்டா? தீபாவளி வந்தால் தங்கநகை பத்திரம் என்று எச்சரிக்கைத் தாள் மட்டும் வருகிறது.

பேரேடு | 2025 ஜனவரி 23

உண்டு. ஆனால் அதைக் கேள்வித்தாளில் யாரும் நேராக எழுதுவதில்லை.

போலீஸ் பட்ஜெட்டில் ஐந்தில் நான்கு பங்கு அளவு சம்பளமும் ஓய்வூதியமும். சம்பள உயர்வைத் தீர்மானிப்பது மத்திய அரசு, கமிஷனர் இல்லை. 2023இல் 7 சதவீதம், 2024 செப்டம்பரில் 4.75. 2024 ஏப்ரலில் ஓய்வூதியத்துக்கு முதலாளி தரும் பங்கு 31இலிருந்து 35.3 சதவீதமானது. வரும் ஏப்ரலில் தேசியக் காப்பீட்டில் முதலாளி பங்கு 13.8இலிருந்து 15 ஆகிறது. இவற்றில் ஒரு பகுதியை மானியம் ஈடுகட்டும், மீதி உள்ளூரில்.

கணக்குக்காக ஒரு படையை எடுங்கள். பட்ஜெட் 30 கோடி பவுண், ஆள்செலவு 24 கோடி, வரித்தளம் 5,00,000. 14 பவுண் ஏற்றினால் 70 லட்சம் வரும். 1 சதவீதச் சம்பள உயர்வுக்கு 24 லட்சம் வேண்டும். ஆக, மக்கள் தரும் 14 பவுண் முழுவதும் 3 சதவீதச் சம்பள உயர்வுக்குக்கூடப் போதாது. ஒரு புது ஆள் வராது, இருப்பவர் நிற்பார். “இதைக் கட்டாவிட்டால் இருப்பதும் போகும்” என்பதுதான் உண்மையான கேள்வி. அதை அப்படியே கேட்டால் மக்கள் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன். கூடுதல் ரோந்து என்று சொல்லி வாங்கினால் அடுத்த ஆண்டு நம்ப மாட்டார்கள்.

ஹாரோ ஹில் | 2025 ஜனவரி 25

எண்ணிக்கைப் பொறியையும் சேருங்கள். 2010க்குப் பின் சுமார் 20,000 போலீசார் குறைந்தார்கள். பிறகு 20,000 பேரைத் திரும்ப எடுக்கும் திட்டம் வந்து, 2023 மார்ச் முடிவில் 1,49,572 ஆனது. அந்த எண்ணிக்கை குறைந்தால் மானியம் வெட்டப்படும். அதனால் பணம் தட்டுப்பட்டால் போலீசாரைத் தொட முடியாது, சமூக ஆதரவு அலுவலரையும் அலுவலக ஊழியரையும் குறைக்கிறார்கள். தெருவில் மக்கள் அடையாளம் கண்டு பேசும் ஆள் பெரும்பாலும் அந்தச் சமூக ஆதரவு அலுவலர்தான். அலுவலக ஊழியர் போனபின் அவர் மேசை வேலையைப் போலீசார் செய்கிறார்கள். கணக்கில் போலீஸ் கூடியிருக்கிறது, தெருவில் குறைந்திருக்கிறது. மக்கள் சொல்வதும் சரி, அமைச்சு சொல்வதும் சரி.

டைன்கரை | 2025 ஜனவரி 26

இதை வாசிச்சபிறகுதான் எனக்கு விஷயம் பிடிபடுது. சனம் “வேண்டாம்” எண்டு சொல்லேக்க போலீஸ் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. “இந்த வழியால வேண்டாம்” எண்டுதான் கனபேர் சொல்லினம். அந்தப் பெட்டி தாளில இல்லை.

பேரேடு | 2025 ஜனவரி 27

ஆம். “உள்ளூர் வரியில் வேண்டாம், வருமான வரியிலிருந்து வரட்டும்” என்று ஒரு பெட்டி வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் 2013 ஏப்ரலிலிருந்து ஒரே போலீஸ், கவுன்சில் டாக்ஸ் பில்லில் போலீஸ் வரியே கிடையாது. அது சிறந்த வழி என்று சொல்ல வரவில்லை, உள்ளூர்ப் பிடி போய்விட்டது என்ற குறை அங்கே உண்டு. ஆனால் வேறு வழி இருக்கிறது என்பதே இங்கே கேட்கப்படுபவர்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை.

கருத்துச் சொல்ல விரும்புவோருக்கு நடைமுறையாகச் சில. பெட்டியை டிக் செய்வதோடு நிறுத்தாமல் எழுதும் கட்டத்தைப் பயன்படுத்துங்கள். பேனல் உறுப்பினர் கையில் போவது எழுத்துப் பதில்களின் தொகுப்பு. பேனல் கூட்டத் தாள்கள் வழக்கமாகக் கூட்டத்துக்கு ஐந்து வேலைநாள் முன் வெளியாகும். அதில் நிதி அதிகாரியின் அறிக்கையைத் தேடுங்கள்: கையிருப்பு போதுமா, மதிப்பீடு உறுதியானதா என்று அவர் சட்டப்படி எழுதியே ஆக வேண்டும். பேனலில் உள்ள உங்கள் பகுதிக் கவுன்சிலருக்கு மூன்று கேள்வி அனுப்புங்கள். எல்லை முழுவதையும் ஏற்றாவிட்டால் எந்தப் பணியிடம் போகும், எண்ணிக்கையோடு? பொதுக் கையிருப்பு பட்ஜெட்டில் எத்தனை சதவீதம்? போன ஆண்டு இதே காரணம் சொல்லி வாங்கியதில் எது நடந்தது? மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் அதையே கூட்டத்தில் எழுப்பச் சொல்லுங்கள்.

கவுன்சிலுக்கு எழுதிப் பயனில்லை. அவர்கள் வசூலிப்பவர்கள் மட்டும்.

சர்ரேவாசி | 2025 மார்ச் 18

பில் வந்துவிட்டது. பேண்ட் டி 337.57. எதிர்பார்த்தபடி முழு 14.

ஹாரோ ஹில் | 2025 மார்ச் 19

இங்கே மேயரின் மொத்தப் பங்கு பேண்ட் டிக்கு 490.38. அதில் மெட் போலீசுக்கு (லண்டன் போலீஸ்) 319.13, அதாவது முழு 14 ஏற்றம். பலர் 490ஐப் பார்த்து எல்லாம் போலீசுக்கு என்று நினைக்கிறார்கள், தீயணைப்பும் போக்குவரத்தும் அதற்குள்ளேதான். பில்லோடு வரும் துண்டறிக்கையில் பிரித்திருப்பார்கள்.

பேரேடு | 2025 நவம்பர் 14

இழையைத் திரும்பத் திறக்கிறேன், நேற்றைய அறிவிப்புக்காக. 2028 மே மாதம் பதவிக்காலம் முடிந்ததும் கமிஷனர் பதவியையே எடுத்துவிடப் போகிறது அரசு. மேயர் உள்ள இடத்தில் மேயர், இல்லாத இடத்தில் கவுன்சில் தலைவர்கள் அடங்கிய வாரியம்.

சர்ரேவாசி | 2025 நவம்பர் 14

அப்படியானால் இந்த வரியும் போகுமா?

பேரேடு | 2025 நவம்பர் 14

போகாது. வரி அப்படியே இருக்கும், அதைத் தீர்மானிக்கும் கை மாறும். எனக்கு ஒரு கவலை இருக்கிறது. கமிஷனர் தேர்தலுக்கு ஆட்கள் வரவில்லைதான், ஆனாலும் “இந்தத் தொகைக்கு இவர் பொறுப்பு” என்று ஒரு பெயரைச் சொல்ல முடிந்தது. வாரியத்தில் ஐந்தாறு கவுன்சில் தலைவர்கள் உட்கார்ந்தால், அவர்கள் தங்கள் கவுன்சிலின் வரியையும் அதே பிப்ரவரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். இரண்டு கைக்கும் ஒரே ஆள். சமூகப் பராமரிப்புக்கு ஏற்றுவதா, போலீசுக்கு ஏற்றுவதா என்று அவரே தனக்குள் பேரம் பேச வேண்டும். இன்று கமிஷனரைக் கேள்வி கேட்கக் கவுன்சிலர்கள் அடங்கிய பேனல் இருக்கிறது. நாளை தலைவர்களே வாரியம் என்றால், அவர்களை யார் கேட்பது?

டைன்கரை | 2025 நவம்பர் 15

எங்கட பக்கம் மேயர் இருக்கிறா. அப்ப அவவிட்டத்தான் போகும் போல. கருத்துக் கேக்கிற அந்த 96ஆம் பிரிவு நிக்குமோ?

பேரேடு | 2025 நவம்பர் 15

இப்போது மேயர் வசம் உள்ள இடங்களிலும் அந்தக் கடமை தொடர்கிறது, எனவே புதுச் சட்டத்திலும் ஏதோ ஒரு வடிவில் வைக்கக் கேட்க வேண்டும். வைக்கும்போதே இரண்டு வரி சேர்க்கச் சொல்லி உங்கள் எம்பிக்கு எழுதுங்கள். கேட்கப்படுவோரில் ஒரு பகுதியாவது குருட்டுப்போக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் கிடைத்த ஆதரவைத் தனித்தனியே வெளியிட வேண்டும், கூட்டிக் காட்டக் கூடாது. மசோதா குழுநிலைக்குப் போகும்போது எழுத்துச் சான்று யாரும் அனுப்பலாம், 3,000 சொல்லுக்குள்.